டாப்பை எவ்வளவு இழைக்கலாம்?

கிட்டார் செய்கிறேன் என்று சொன்னதும் பெரும்பாலானவர்கள் மரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ரோஸ்வுட்டா, மஹோகனியா, பிரேசிலில் இருந்து வருமாமே, விலை எவ்வளவு. கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் பட்டறையில் என் நேரத்தையும் தூக்கத்தையும் எடுத்துக்கொள்வது அது இல்லை. டாப் என்று நாங்கள் சொல்லும் முன்பலகையை 3 மி.மீ.யில் நிறுத்துவதா, இல்லை இன்னும் கொஞ்சம் இழைத்து 2.7க்குக் கொண்டுபோவதா என்பதுதான் உண்மையான கேள்வி. நாதம், ஆயுள் இரண்டும் அந்த இடத்தில்தான் பெரும்பாலும் முடிவாகின்றன.

பிரச்சினையை முதலில் எடையாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீல் கம்பி போட்ட சாதாரண அக்குஸ்டிக் கிட்டாரில், லைட் கேஜ் செட் என்று கடையில் கிடைக்கும், மிக மெல்லிய கம்பி 0.012 அங்குலம் உள்ள 12 செட்டைப் போட்டு சுருதி சேர்த்தால் ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை 70 கிலோவைத் தாண்டும். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் அது 40 கிலோ அளவில் நின்றுவிடும். இந்த இழுவை நேராகப் பலகையின் தளத்திலேயே போனால்கூடப் பரவாயில்லை, ஆனால் கம்பி பலகைக்கு மேலே 12, 13 மி.மீ. உயரத்தில் ஓடுகிறது, அதனால் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு டாப்பில் ஒட்டியிருக்கும் பிரிட்ஜ் என்ற கட்டையை முன்பக்கமாகக் கவிழ்க்கப் பார்க்கிறது. பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை உப்பும், முன்னால் ஓசைத்துளை பக்கம் அமுங்கும். கிட்டார் சுவரில் சும்மா மாட்டியிருக்கும்போதும் ராத்திரி பகலாக இந்த இழுபறி நடந்துகொண்டேதான் இருக்கிறது.

இதைத் தாங்க வேண்டிய பலகையின் கனம் 3 மி.மீ.கூட இல்லை என்பதுதான் விஷயம். தாங்க வேண்டும் என்பது மட்டும் நோக்கமாக இருந்தால் 6 மி.மீ. பிளைவுட் போட்டு ஒரு கவலையும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தப் பலகை அசையாது. கம்பியில் நாம் விரலால் கொடுக்கும் ஆற்றல் ரொம்பக் கொஞ்சம், அதை வைத்துக்கொண்டு ஒரு பலகையை ஆட்டி, பலகை காற்றை ஆட்டி, அது கூடத்தின் கடைசி ஆளுக்குக் கேட்க வேண்டும் என்றால் பலகை லேசாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருந்தே ஆக வேண்டும். ஆக, அசையவும் வேண்டும், அசைந்து அசைந்து ஒரேயடியாக உட்கார்ந்துவிடவும் கூடாது.

ஸ்ப்ரூஸ் என்ற குளிர்நாட்டு ஊசியிலை மரத்தை ஏன் எல்லோரும் டாப்புக்குத் தேடுகிறார்கள் என்பதற்கு விடை இங்கேதான். அது பலமான மரம் என்று சொன்னால் ஊர்த் தச்சர் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். ஆனால் எடைக்கு எடை பார்த்தால் ரேகை ஓடும் திசையில் அதன் விறைப்புக்கு ஈடு சொல்வது கஷ்டம். ஒரு கன மீட்டர் ஸ்ப்ரூஸ் 400, 450 கிலோதான் இருக்கும், ரோஸ்வுட் கிட்டத்தட்ட அதைப் போல இரண்டு மடங்கு. ஸ்ப்ரூஸில் ரேகை வழியாக ஒலி விநாடிக்கு 5000 மீட்டருக்கு மேல் ஓடுகிறது, ஏறக்குறைய இரும்பில் ஓடும் வேகம். குறுக்கே மட்டும் அது பாவம், நீளவாட்டு விறைப்பில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதனால்தான் உள்ளே பிரேஸ் என்ற சட்டங்களைக் குறுக்காக ஒட்டுகிறோம். அதனால்தான் மரத்தை அறுத்த கோணத்துக்கும் அவ்வளவு முக்கியத்துவம். வருட வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலே குறுக்கு விறைப்பு மளமளவென்று இறங்கிவிடும். பிரேஸ் சட்டங்களுக்கு ரம்பத்தால் அறுத்த துண்டைவிடக் கோடாலியால் பிளந்த துண்டையே நான் விரும்புவேன், ஏனென்றால் பிளவு நாரைத் தொடர்ந்து போகும், ரம்பம் நாரை வெட்டிக்கொண்டு போகும்.

இப்போது கணக்கு. கனத்துக்கும் விறைப்புக்கும் இருக்கும் உறவு நேர்விகிதம் இல்லை, அது மும்மடிக் கணக்கு. 3 மி.மீ. பலகையை 2.7 ஆக்கினால் எடை 10 சதவீதம்தான் குறையும், விறைப்போ 27 சதவீதம் போய்விடும். பிரேஸிலும் அப்படித்தான், உயரம்தான் எல்லாம். 15 மி.மீ. உயரச் சட்டத்தை 12க்கு இறக்கினால் விறைப்பு பாதியாகிவிடும், அகலத்தைப் பாதியாக்கினாலும் அதே பாதிதான், ஆனால் எவ்வளவு மரம் போயிற்று என்று பாருங்கள், முதலாவதில் ஐந்தில் ஒரு பங்கு, இரண்டாவதில் பாதி. அதாவது ஒல்லியான உயரமான சட்டம் அகலமான குட்டைச் சட்டத்தைவிட எப்போதும் லாபம். மரத்தைக் குறைத்துக்கொண்டே விறைப்பை வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு இது ஒன்றே போதும். பலம் வேண்டுமா நாதம் வேண்டுமா என்று ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் தீர வேண்டும் என்பது போலப் பலர் பேசுகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. எங்கே பலம் வைக்கிறோம், எங்கே எடையைக் கழிக்கிறோம் என்பதில் கவனம் இருந்தால் ரொம்ப தூரம் வரை இரண்டும் சேர்ந்தே வரும். அந்த எல்லைக்கு அப்புறம்தான் பேரம் ஆரம்பிக்கிறது. கடையில் விற்கும் மலிவான கிட்டார்களில் பெரும்பாலானவை அந்த எல்லைப் பக்கமே வருவதில்லை.

இன்னொன்று, பலம் என்று இங்கே சொல்வது உடைவதைப் பற்றி இல்லை. டாப் உடைந்து போன கிட்டார் அபூர்வம், கீழே போட்டால்தான் உடையும். நடப்பது வேறு. மரம் தொடர்ந்து பாரம் தாங்கினால் மெதுவாக, வருடக்கணக்கில், பாரம் இழுக்கும் பக்கமாகச் சாய்ந்துவிடும், கம்பியைத் தளர்த்தினாலும் பழைய இடத்துக்கு முழுசாகத் திரும்பாது. புத்தகப் பாரத்தில் நடுவில் தொய்ந்த மர அலமாரித் தட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். செய்து முடித்த அன்று பிரமாதமாக ஒலிக்கும் மிக மெல்லிய டாப், பத்து வருடத்தில் பிரிட்ஜ் கவிழ்ந்து, கம்பி உயர்ந்து, வாசிக்கவே முடியாமல் போகலாம். கம்பி ஏற்றியதும் பிரிட்ஜ் எவ்வளவு சாய்கிறது என்று பார்த்தால் ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். 2 டிகிரி வரை பரவாயில்லை என்பது இந்தத் தொழிலில் பலர் வைத்திருக்கும் அளவு, நானும் அதைத்தான் பார்க்கிறேன்.

சரி, முன்னால் இருந்தவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்?

ஸ்பெயினின் அல்மேரியாவில் 1817இல் பிறந்த அந்தோனியோ தோரஸ் என்பவர்தான் இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் வடிவத்துக்குக் காரணம் என்று சொல்வார்கள். பலகையை மெல்லியதாக்கி, லேசாகக் குவிந்திருக்கும்படி செய்து, கீழே விசிறி விரிந்த மாதிரி ஏழு சட்டங்கள் ஒட்டினார். விசிறிச் சட்டம் அவர் கண்டுபிடித்தது இல்லை, ஆனால் அதை இவ்வளவு கச்சிதமாகப் பயன்படுத்தியவர் அவர்தான். அந்தக் குவிவு முக்கியம். தட்டைப் பலகையைவிடக் குவிந்த பலகை அதே எடையில் கூடுதலாகத் தாங்கும், வடிவமே பலமாகிவிடுகிறது. 1862இல் அவர் ஒரு கிட்டார் செய்தார், டாப் மட்டும் மரம், பக்கங்களும் பின்பலகையும் காகித அட்டை. நாதத்தில் பெரும்பங்கு டாப்பின் வேலை என்று காட்டத்தான் செய்தார். அந்தக் கிட்டார் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோஸ்வுட் விலையைப் பற்றி என்னிடம் கவலைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

அமெரிக்காவில் மார்ட்டின் கம்பெனி 1840களில் எக்ஸ் வடிவப் பிரேஸைக் கொண்டுவந்தது. அப்போது அவை குடல்நரம்புக் கம்பிகளுக்கான கிட்டார்கள், இழுவை குறைவு. 1920களில் ஸ்டீல் கம்பி பரவலானபோது, மற்ற பல வடிவங்கள் திணறிய இடத்தில் இந்த எக்ஸ் தாக்குப்பிடித்தது. இரண்டு நீளச் சட்டங்கள் பிரிட்ஜுக்குச் சற்று முன்னால் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகின்றன, கவிழ்க்கும் விசை நாலு பக்கமாகப் பிரிந்து ஓரங்களுக்குப் போய்விடுகிறது. அந்தச் சட்டங்களின் நடுப்பகுதியை உளியால் பள்ளமாகச் செதுக்கி எடையைக் குறைப்பதும் உண்டு, ஸ்காலப் செய்வது என்பார்கள். 1930களின் மார்ட்டின் கிட்டார்களுக்கு இன்று ஆட்கள் உயிரை விடுவதற்கு அந்தச் செதுக்கலும் ஒரு காரணம். ஆனால் வாசித்தவர்கள் கனமான கம்பிகளைப் போடப் போட டாப்புகள் உப்ப ஆரம்பித்தன. 1944இன் கடைசியில் அந்தக் கம்பெனி செதுக்குவதை நிறுத்திவிட்டது. கிட்டார்கள் நீடித்து நின்றன, பழைய பேஸ், அதாவது கீழ்ச்சுருதி நாதம், மட்டும் குறைந்தது. பழையபடி செதுக்கிய மாடல் திரும்ப வழக்கமான வரிசையில் வந்தது 1976இல், ஹெச்டி-28 என்ற பெயரில்.

இதைப் படித்துவிட்டுக் கம்பெனியைத் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆயிரக்கணக்கில் செய்து விற்கிறவருக்கு யார் வீட்டில், எந்தக் கம்பியில், எந்த வெயிலில் அது இருக்கப்போகிறது என்று தெரியாது, அதனால் கடைசிக் கவனமற்ற ஆளையும் மனதில் வைத்தே பலம் வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு கிட்டாரை ஒரு ஆளுக்காகச் செய்கிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எந்தக் கம்பி போடுவார், பிக் வைத்து அடிப்பாரா விரலால் மீட்டுவாரா, எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டுவிட்டு எல்லைக்கு இன்னும் பக்கத்தில் போகலாம். கையால் செய்த கிட்டாருக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல காரணம் இல்லை.

வயலினில் கதை வேறு மாதிரி. அங்கே பிரிட்ஜ் கவிழ்க்கப் பார்ப்பதில்லை, கால் ஊன்றிக் கீழே அழுத்துகிறது, 8, 9 கிலோ அளவுக்கு. பலகை சுமார் 3 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு, ஆனால் வளைவாகச் செதுக்கியது. உள்ளே ஒரு பக்கம் பேஸ் பார் என்ற நீளச் சட்டம், இன்னொரு பக்கம் ஒட்டாமல் நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சின்ன மரத்தூண். ஸ்ட்ராடிவாரி 1737இல் இறந்தார், அவர் செய்த வயலின்கள் இன்னும் மேடையில் ஒலிக்கின்றன என்று பெருமையாகச் சொல்கிறோம், ஆனால் அவை அநேகமாக எல்லாமே பிற்காலத்தில் திறக்கப்பட்டு, கழுத்து மாற்றப்பட்டு, பெரிய பேஸ் பார் வைக்கப்பட்டவை. பெரிய அரங்குகள் வந்தன, சுருதி ஏறியது, இழுவை கூடியது, உள்ளே பலம் சேர்க்க வேண்டி வந்தது. அந்த மெல்லிய பலகைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

நம்ம வீணைக்கு வருகிறேன், எனக்கு இந்த விஷயத்தில் அதிகம் கற்றுக்கொடுத்த வாத்தியம் அதுதான். தஞ்சாவூர் வீணை பலாமரத்தில் செய்வது, 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்குத் தனி மதிப்பு. குடம், தண்டி என்ற நீண்ட கழுத்து எல்லாம் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை, தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. கிட்டார் செய்கிறவன் கண்ணால் வீணையைப் பார்த்தால் முதலில் தோன்றுவது, ஏன் இவ்வளவு கனம் என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. காரணம் கமகத்தில் இருக்கிறது.

வீணையில் தண்டியின் மேல் இருக்கும் ஒரே மெட்டில், அதாவது ஒரே உலோகக் கம்பியில், விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து மேல் ஸ்வரங்களைக் கொண்டுவர வேண்டும். சுருதி ஏறுவது இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, அதனால் சட்ஜத்தில் இருந்து சுத்த மத்யமம் வரை ஒரு இழுப்பு இழுத்தால் அந்தத் தந்தியின் இழுவிசை கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஆகிவிடும். அந்த நேரத்தில் தண்டி இம்மியளவு வளைந்து கொடுத்தால் என்ன ஆகும்? மற்ற தந்திகள் எல்லாம் தளர்ந்து சுருதி இறங்கும், பக்கத்தில் மூன்று தாளத் தந்திகள் வேறு சட்ஜ பஞ்சமத்தைச் சொல்லிக்கொண்டு இருக்கின்றன, அபஸ்வரம் பளிச்சென்று தெரியும். ஆக வீணையில் தண்டியின் பலம் வாத்தியத்தின் ஆயுளுக்கு மட்டும் வேண்டியது இல்லை, அந்தக் கணத்து சங்கீதத்துக்கே வேண்டியது.

அதோடு, கனமும் விறைப்பும் உள்ள உடம்பு தந்தியின் ஆற்றலைச் சட்டென்று வாங்கிக்கொள்ளாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். அதனால் சத்தம் கிட்டார் அளவுக்கு எழும்பாது, ஆனால் நாதம் நீளமாக நிற்கும். ஒரு மீட்டில் நாலு ஸ்வரம் இழைய வேண்டும் என்றால் அந்த நீளம் இல்லாமல் முடியாது. மெல்லிய ஸ்ப்ரூஸ் பலகை போட்டு வீணையைச் சத்தமாக்கலாம், ஆனால் கமகம் முடிவதற்குள் நாதம் செத்துவிடும். குதிரைக்கும், அதாவது வீணையின் பிரிட்ஜுக்கும், இதில் பங்கு உண்டு. அதன் மேல் இருக்கும் உலோகத் தகடு சற்றே வளைந்த அகலமான பரப்பு, தந்தி அதிர அதிர அதைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. சர் சி. வி. ராமன் 1921இல் வீணையையும் தம்புராவையும் பற்றி எழுதியபோது கவனித்தது இதைத்தான். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டினால் மூலச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் ஒரு குறிப்பிட்ட மேல்சுரம் வரக் கூடாது என்று பழைய விதி சொல்கிறதோ, அந்தப் புள்ளியில் மீட்டியும் வீணையில் அந்த மேல்சுரம் நன்றாகவே வருகிறது. பலகையை மெல்லியதாக்கிக் கிடைக்க வேண்டிய பிரகாசத்தை வீணை குதிரையில் இருந்து வாங்கிக்கொள்கிறது, பலம் பலம் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது. இதை யோசித்துச் செய்தார்களோ, செய்து செய்து கண்டார்களோ, அந்தக் கைகளை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

பலாவைக் கிட்டாரில் போடலாமா என்றால், பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் தாராளமாகப் போடலாம், எனக்கு ரொம்பப் பிடித்த மரம். டாப்புக்கு வேண்டாம். ஸ்ப்ரூஸைவிடக் கனம், அதே விறைப்புக்கு எடை ஏறிவிடும்.

நம் ஊர்க் காற்றை விட்டுவிட்டு இந்தப் பேச்சு முழுமையாகாது. கிட்டார் தொழிற்சாலைகளில் ஈரப்பதத்தை 45 முதல் 50 சதவீதத்தில் கட்டுப்படுத்தி வைத்துத்தான் பலகை ஒட்டுகிறார்கள். சென்னையில் வெளியே 70க்கு மேல் சர்வசாதாரணம், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். மரம் ஈரம் குடித்தால் குறுக்கே விரியும், ஓரங்கள் கட்டப்பட்டிருப்பதால் மேலே உப்பும், கூடவே விறைப்பும் குறையும், அதிர்வை உள்ளேயே விழுங்கும் குணமும் கூடும். பலமும் நாதமும் ஒரே நேரத்தில் இறங்குகின்றன. அதே கிட்டாரை ஏசி அறையில் மாதக்கணக்கில் வைத்தால் காய்ந்து சுருங்கும். அதனால் ஒட்டும் வேலையை மட்டும் நான் ஏசி போட்ட அறையில், ஈரப்பதமானியைப் பார்த்துக்கொண்டுதான் செய்வேன். பசையிலும் எச்சரிக்கை வேண்டும். சாதாரண வெள்ளைப் பசை மூட்டு, வெயிலில் நின்ற காரின் சூட்டில் பாரத்தோடு இருந்தால் மெல்ல நகர்ந்துவிடும். பிரிட்ஜ் ஒட்ட எனக்கு விலங்குத் தோலில் காய்ச்சும் வஜ்ஜிரப் பசைதான், காய்ந்தபின் கண்ணாடி மாதிரி விறைப்பு, பின்னால் பழுது பார்க்க வேண்டுமென்றாலும் சூடும் ஈரமும் காட்டினால் விட்டுக்கொடுக்கும். அதற்காக அந்தக் கிட்டாரையும் காரில் விடச் சொல்லவில்லை.

செய்யும்போது எப்படி முடிவெடுக்கிறேன் என்று நேரடியாகச் சொல்கிறேன். கனத்தை வைத்து முடிவெடுப்பதில்லை, ஒரே மரத்தில் இருந்து வந்த இரண்டு பலகைகள்கூட ஒரே கனத்தில் வேறு வேறு விறைப்பில் இருக்கும். பலகையின் இரண்டு முனைகளையும் தாங்கி வைத்து நடுவில் ஒரு எடை வைத்து எவ்வளவு தொய்கிறது என்று டயல் கேஜ் என்ற நுண் அளவுகருவியில் பார்ப்பேன், நீளவாட்டில் ஒரு தடவை, குறுக்கில் ஒரு தடவை. எடையும் போட்டுக்கொள்வேன். அப்புறம்தான் எவ்வளவு இழைப்பது என்பது. பிரேஸ் ஒட்டியபின் தட்டிக் கேட்பது உண்டு, பழகிய காதுக்கு அது நிறையச் சொல்லும், ஆனால் காதை மட்டும் நம்ப மாட்டேன். பலகையில் தேயிலைத் தூளைத் தூவி, கீழே ஸ்பீக்கர் வைத்து அதிரவிட்டால் தூள் நகர்ந்து கோடு கோடாக நிற்கும், எந்தப் பக்கம் இன்னும் விறைப்பு என்று அதில் தெரியும். கம்பி ஏற்றியபின்னும் வேலை முடியாது. பாலிஷுக்கு முன்னால், டாப்பின் கீழ்ப்பக்க ஓரங்களை மட்டும் வெளியில் இருந்து கொஞ்சம் தேய்த்து மெல்லியதாக்குவேன். பிரிட்ஜுக்கு அருகில் உள்ள பலம் அப்படியே இருக்கும், பலகை முழுதும் மேலும் கீழும் தாராளமாக அசைய ஆரம்பிக்கும், பேஸ் திறப்பதைக் காதால் கேட்கலாம். ஒரு கட்டத்துக்கு மேல் போனால் ஏதோ ஒரு சுரம் மட்டும் குபீரென்று எழுந்து உடனே அமிழும், அதற்கு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் கிட்டார் செய்யும் கிரெக் ஸ்மால்மன் இதையெல்லாம் தலைகீழாகப் போட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். டாப்பைச் சவ்வு மாதிரி மெல்லியதாக்கி, கீழே பால்சா மரமும் கார்பன் ஃபைபரும் சேர்ந்த வலைப்பின்னல், பின்னும் பக்கங்களும் நல்ல கனம். புகழ்பெற்ற கிளாசிக்கல் கிட்டார் கலைஞர் ஜான் வில்லியம்ஸ் அதை எடுத்து வாசித்த பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. சத்தம் அபாரம். எனக்கு அந்த நாதத்தில் மரத்தின் நிறம் கொஞ்சம் குறைவாகவே கேட்கிறது, ஆனால் பொறியியல் என்று பார்த்தால் பிரமிப்பாக இருக்கிறது.

பழைய கிட்டார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள், லேசாக உப்பியிருந்தால் பயந்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஓரளவு உப்பல், டாப் மெல்லியதாக, வேலை செய்கிற மாதிரி இருக்கிறது என்பதற்கு அடையாளம். பல வருடம் ஆகியும் துளிகூட அசையாத டாப் அநேகமாகப் பேசவும் பேசாது. பார்க்க வேண்டியவை வேறு. பிரிட்ஜ் பின்பக்கம் பலகையில் இருந்து தூக்கியிருக்கிறதா, ஒரு தாளைச் செருகினால் உள்ளே போகிறதா. ஓசைத்துளை பக்கம் குழி விழுந்திருக்கிறதா. சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போய் உள்ளே பிரேஸ்கள் விட்டிருக்கின்றனவா என்று பாருங்கள், விட்ட பிரேஸைத் திரும்ப ஒட்டுவது பெரிய செலவு இல்லை. எல்லாம் சரியாக இருந்து 12 செட் போட்டு டாப் சற்று அதிகமாக உப்புவதாகத் தோன்றினால் 11 செட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள், இழுவை சில கிலோ குறையும். லேசாகச் செய்த டாப்பில் அந்த மெல்லிய கம்பியே தேவையான சத்தத்தைக் கொடுத்துவிடும்.